வாசலில் கிடந்த சிவப்புக் கறை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். இதைச் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றுமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், நான் முந்திக்கொள்கிறேன். பதினெட்டு வருடம் லொறி ஓட்டினேன். எதிரே வருகிறவனைத் திட்டுவேன், மழையைத் திட்டுவேன், நடுரோட்டில் படுத்திருக்கிற நாயைத் திட்டுவேன். வீட்டுக்கு வந்தால் உப்புக் குறைந்ததற்கு ஒரு சத்தம், உப்புக் கூடியதற்கு ஒரு சத்தம். என் மனைவி கொழுந்து எடுக்கிறவள், பேச்சுக் குறைவு. நான் கத்தி முடிக்கும்வரை கையில் இருக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முடிஞ்சிருச்சா? சாப்பிட வாங்க" என்பாள். அதை நான் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லொறியை விட்ட பிறகு ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கப் பழைய ஜப்பான் வேன் ஒன்று வாங்கினேன். கிளச் இல்லாத வண்டி. கியர்த் தடியை இழுத்து விட்டால் அதுவே கியர் மாற்றிக்கொள்ளும். இடது காலுக்கு வேலையே இல்லை. அப்படி ஒன்றை வண்டி என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் தலவாக்கலை டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறுகிற அந்த வளைவுகளில் முழங்கால் வலிக்காமல் ஓட்டலாம் என்பதற்காக வாங்கினேன். விற்றவர் அட்டன் பக்கத்து ஆள். சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

"தம்பி, இதுல கியர் ஒயில் பாக்கிறதுன்னா எஞ்சின ஓட விட்டுத்தான் பாக்கணும். நிப்பாட்டிப் பாத்தா அது பொய் சொல்லும்."

பதினெட்டு வருடம் லொறி ஓட்டியவனுக்கு ஒயில் பார்க்கச் சொல்லித் தருகிறாராம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். லொறிக்காரன் விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் ஒயில் பார்ப்பான். ஒயில் அளவுக் கம்பியை இழுத்து, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பான். நானும் வேனில் தினமும் அப்படியே பார்த்தேன். எஞ்சின் ஒயிலையும் அப்படித்தான், கியர் பெட்டி ஒயிலையும் அப்படித்தான். கம்பியில் எப்போதும் நிறையத்தான் காட்டியது.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. எனக்கும் பக்கத்துக் காம்பராக்காரருக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாயில் வெற்றிலை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. நானும் அவரும் ஒரே ரோட்டில் லொறி ஓட்டியவர்கள். அண்ணன் தம்பி என்றுதான் பழக்கம்.

ஒருநாள் காலையில் வேனை எடுக்கப் போனபோது, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், எங்கள் வாசல் சிமெந்தில் சிவப்பாக ஒரு கறை. கை அகலம் இருக்கும். எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே அவர் காம்பரா வாசலில் போய் நின்றேன்.

"என்னாண்ணே, உங்க வாய்க்கு என் வாசல்தான் படிக்கமா?"

அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வந்து எட்டிப் பார்த்தார். "நான் துப்பலையே தம்பி. என் எச்சில் என் வாசலோட சரி" என்றார்.

"அப்ப யாரு, துரை வந்து துப்பிட்டுப் போனாரா?"

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அவர் பல்லைப் பற்றி, அவர் வாய் நாற்றத்தைப் பற்றி, இந்த வயதிலும் மனிதனுக்குப் புத்தி வராததைப் பற்றி, ஆறு காம்பராவும் கேட்கச் சொன்னேன். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டது.

மறுநாள் வாசல் சுத்தமாக இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். எனக்கு ஒரே பெருமை. "பாத்தியா? சத்தம் போட்டாத்தான் சில பேருக்கு ஏறுது" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

இது நடந்து ஒரு வாரம் இருக்கும். அன்று காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போதே வேன் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தடியை இழுத்துவிட்டால் உடனே பிடிக்காமல், ஒன்று இரண்டு எண்ணுகிற நேரம் யோசித்து, பிறகு டொக் என்று பிடித்தது. கடைசி ஏற்றத்தில் எஞ்சின் வீணாகச் சத்தம் போட்டது, வண்டி அதற்குத் தகுந்தபடி ஏறவில்லை. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மற்ற நாட்களில் ஸ்கூல் விடும்வரை டவுனிலேயே நிற்பேன், அன்று வீட்டுக்கு வந்து வாசலில் நிறுத்தினேன். எங்கள் வாசல் சரிவானது. வேனை நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைப்பது என் பழக்கம். அன்றும் வைத்தேன். உள்ளே போய்ப் படுத்தேன்.

பத்து மணி இருக்கும், கூக்குரல் கேட்டது. மலையிலிருந்து கேட்கிற கூக்குரலில் பல தினுசு உண்டு. சிறுத்தையைப் பார்த்தால் ஒரு தினுசு, கால் வழுக்கி விழுந்தால் ஒரு தினுசு. இது குளவி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது கேட்டவுடனே தெரியும். வெளியே ஓடிவந்தேன். மேலே மூன்றாம் நம்பர் மலையிலிருந்து ஆட்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சிதறி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பாறை இடுக்கில் கூடு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

குறுக்குப் பாதையில் நாலு பெண்கள் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை விரித்து, அதில் அவளைப் போட்டு, நாலு முனையையும் பிடித்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. கால் தெரிந்தது. பெருவிரலில் சுற்றியிருந்த நீலத் துணி தெரிந்தது. அந்தத் துணியை முந்தின நாள் இரவு நான்தான் சுற்றிவிட்டிருந்தேன்.

பக்கத்தில் வந்ததும்தான் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் மூடி வீங்கி, உதடு தடித்து, அது அவள் முகமே இல்லை. தலைமுடிக்குள் இன்னும் இரண்டு குளவி செத்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"மத்த ரெண்டு பேருக்கு அஞ்சாறு கொட்டுதான். இதுக்கு எண்ண முடியல" என்றார் கூடவே ஓடிவந்த கங்காணி. அவருக்கும் காது வீங்கியிருந்தது. "டிஸ்பென்சரியில இன்னைக்கு டாக்டர் ஐயா இல்ல. நேரா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மூச்சு வாங்குது, பாருங்க."

காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒவ்வொரு மூச்சும் மெல்லிய விசில் போல உள்ளே போனது. போன வருடம் கீழ் டிவிசனில் ஒரு அக்காவுக்கு இதே மாதிரி விசில் கேட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது நின்றுபோனது. அது எனக்கும் தெரியும், தூக்கி வந்த நாலு பேருக்கும் தெரியும்.

வேனின் பின்சீட்டில் அவளைப் படுக்க வைத்தோம். ஒரு பெண் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் ஏறி ஸ்டார்ட் போட்டேன். எஞ்சின் ஒரே முறையில் பிடித்தது. தடியை இழுத்து முன் கியரில் போட்டேன். ஹேண்ட் பிரேக்கை விட்டேன். மிதித்தேன்.

எஞ்சின் அலறியது. வண்டி அசையவில்லை.

கல் பின்சக்கரத்தில்தானே இருக்கிறது, முன்னால் போவதற்கு அது தடையே இல்லை. மறுபடி மிதித்தேன். சத்தம் மட்டும்தான். பின் கியரில் போட்டேன், அசைவில்லை. ஏற்றத்துக்குப் போடுகிற கியரில் போட்டேன், அதுவும் இல்லை. தடியை மேலும் கீழும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். கரண்ட் இல்லாத வீட்டில் சுவிட்சை அமுக்குகிற மாதிரிதான். பின்னாலிருந்து விசில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு அந்த மாதிரி பயம் அதற்கு முன்பு வந்ததில்லை. லொறியில் பிரேக் இல்லாமல் இறங்கியிருக்கிறேன், மண்சரிவுக்கு நடுவே மாட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் கை தன் வேலையைச் செய்தது. இப்போது கை அதே தடியை அதே கியருக்குத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.

அம்புலன்ஸுக்குக் கங்காணி போன் போட்டார். அந்தப் பக்கம் போன் எடுத்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. வண்டி வேறு ஒரு தோட்டத்துக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றது. லயத்தில் இருக்கிற ஒரே த்ரீவீலரும் டவுனுக்குப் போயிருந்தது. கொழுந்து லொறி மேல் டிவிசனில், அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. முக்கால் மணி நேரம். அவளுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று யாரைக் கேட்பது?

"தம்பி, பின்னுக்குப் போடு."

ஜன்னல் பக்கம் பார்த்தேன். பக்கத்துக் காம்பரா அண்ணன். இடுப்புப் பிடித்துக்கொண்டதென்று அன்று லீவு போட்டிருந்தார், அவருடைய லொறியை வேறு ஆள் கொண்டு போயிருந்தான். கையில் சுண்ணாம்பு டப்பா. என் மனைவியின் கையிலும் கழுத்திலும் சுண்ணாம்பைத் தடவிவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார், விரலெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஒரு வாரமாக முகம் பார்க்காத ஆள். நான் பின் கியரில் போட்டேன். அவர் பின்னால் போய்ப் பார்த்தார்.

"பின் லைட்டு எரியுது. அப்ப தடியிலயிருந்து பெட்டிக்குப் போற கேபிள் அறுந்து போகல. பார்க்கிங்ல போட்டுட்டுப் பிரேக்கை விடு. கல்லை எடுக்கிறேன்."

பார்க்கிங்கில் போட்டேன். அவர் கல்லைக் காலால் தள்ளினார். வேன் சரிவில் அப்படியே நின்றது. நியூட்ரலுக்கு மாற்றினேன், உடனே பின்னுக்கு நழுவியது. பிரேக்கை மிதித்துப் பிடித்தேன்.

"பெட்டி சக்கரத்தைப் புடிக்குது. சக்கரத்தைச் சுத்துற சாஃப்டும் உடையல" என்றார். "உள்ளுக்க என்னமோ வேலை செய்யல. இறங்கு, அடியில பாப்போம்."

கல்லை மறுபடி வைத்தார். நான் குதித்து இறங்கிக் குனிந்தேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், சிமெந்தில், அதே சிவப்பு. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, ஈரமாக, புதிதாக.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், வண்டி ஓடவில்லை, உதவிக்கு வந்து நிற்கிறவர் அந்த மனிதர் ஒருவர்தான். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"இன்னைக்கும் துப்பிட்டீங்களா? என் பொண்டாட்டி சாகக் கிடக்கிறா, இங்கயும் துப்பிட்டீங்களா?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு முழங்காலிட்டு, அந்தச் சிவப்பை ஒரு விரலால் தொட்டார். பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். மூக்கில் வைத்தார். பிறகு அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, இது எச்சில் இல்ல. ஒயிலு."

வெற்றிலை வாசமே இல்லை. எண்ணெய் வாசம், கொஞ்சம் தீய்ந்த வாசம்.

"காலையிலதானே பாத்தேன்? கம்பி நிறைய இருந்துச்சே அண்ணே."

"எஞ்சின் ஓடுறப்பவா பாத்த?"

அட்டன்காரர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நிறுத்திப் பார்த்தால் அது பொய் சொல்லும். எஞ்சின் நின்றதும் மேலே இருக்கிற ஒயில் எல்லாம் இறங்கி அடித்தொட்டியில் சேர்ந்துவிடும், கம்பியை விட்டால் நிறையக் காட்டும். ஓடும்போது பம்பு அதை இழுத்துக்கொண்ட பிறகு மிச்சம் எவ்வளவு நிற்கிறதோ, அதுதான் உண்மை. இந்த வண்டியில் கியரைப் பிடிப்பதே அந்த ஒயிலின் அழுத்தம்தான். ஒயில் இல்லையென்றால் எந்தக் கியரும் இல்லை.

எங்கள் வேனுக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சூடு முகத்தில் அடித்தது. கம்பியை இழுத்தேன். காய்ந்து கிடந்தது. நுனியில் மட்டும் ஒரு பொட்டு, அதுவும் கறுப்பாக. நிமிர்ந்தேன், சீட்டுக்கு மேலாக அவள் முகம் தெரிந்தது. வீங்கிய கண்ணில் ஒன்று நூல் அளவுக்குத் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்னும் இல்ல புள்ள, இந்தா கெளம்பிட்டோம்" என்றேன்.

ஒயிலுக்கு எங்கே போவது? தோட்டத்துக் கடையில் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும்தான் இருக்கும். டவுனுக்குத்தான் போக வேண்டும், டவுனுக்குப் போகத்தானே வண்டி வேண்டும். தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். போய்விட்டார், போகாமல் என்ன செய்வார், நான் பேசின பேச்சுக்கு.

அவர் தன் காம்பராவிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். கையில் நாலு லீட்டர் கேன் ஒன்று, பாதிக்கு மேல் இருந்தது. மற்றக் கையில் பழைய டயர் டியூபில் வெட்டின பட்டி.

"லொறி ஸ்டியரிங்குக்கு ஊத்துற சிவப்பு ஒயிலு. வண்டியில வச்சா மறுநாளே காணாமப் போயிரும்னு வீட்டுல வச்சிருந்தேன். பெட்டிக்கும் இதே சாதிதான். ஊத்து. நான் ஒழுகுற எடத்தைப் பாக்கிறேன்."

ஒயில் ஊற்றுவதற்கு அந்தக் கம்பி போகிற குழாய்தான் வழி, விரல் பருமன்தான் இருக்கும். கைக்கு அகப்பட்ட ஸ்கூல் கொப்பியின் அட்டையைக் கிழித்து, கச்சான் கடலைச் சுருள் மாதிரிச் சுருட்டிச் செருகி ஊற்றினேன். அவசரத்தில் பாதி வெளியே சிந்தி எஞ்சினில் புகைந்தது. அண்ணன் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தார். ரோட்டுக் கல் உரசி, ஒயில் போகிற ஹோஸ் ஒன்று வெடித்திருக்கிறதாம். அதைச் சுற்றி டியூப் பட்டியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சூடான ஒயில் கையில் விழுந்திருக்க வேண்டும், ஒரு தடவை "ஐயோ அம்மா" என்றார். விசில் சத்தம் இப்போது விட்டுவிட்டு வந்தது. சத்தம் நிற்கிற ஒவ்வொரு தடவையும் நான் ஊற்றுவதை நிறுத்திக் கேட்டேன்.

"நிப்பாட்டாத, ஊத்து தம்பி!" என்று அடியிலிருந்து கத்தினார்.

கேனில் கால்வாசி இருக்கும்போது வெளியே வந்தார். "இப்பப் போட்டுப் பாரு. மிதிக்காத. ஒவ்வொரு கியரா மெதுவா மாத்து."

உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு தடியை இழுத்தேன். பின் கியர், ஒன்றுமில்லை. நியூட்ரல். முன் கியர், ஒன்றுமில்லை. மறுபடி பின் கியர். கடவுளே என்று சத்தமாகவே சொன்னேன். முன் கியருக்கு இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. டொக். வண்டி காலடியில் ஒரு குலுக்குக் குலுக்கியது.

அழுதேன். அழுதுகொண்டே ஓட்டினேன். அண்ணன் பக்கத்துச் சீட்டில், சக்கரத்துக்கு வைத்த கல்லைக் காலடியிலும் மிச்ச ஒயில் கேனை மடியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினாலு கிலோமீற்றர். ஒவ்வொரு ஏற்றத்திலும் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கூடினால் போதும், பிடி விட்டுவிட்டதோ என்று மிதியைத் தளர்த்துவேன். முன்னால் எஞ்சினைக் கேட்பதா, பின்னால் மூச்சைக் கேட்பதா என்று தெரியவில்லை. டவுனுக்குக் கீழே இருக்கிற கடைசி ஏற்றத்தில் உண்மையாகவே பிடி விட்டது. எஞ்சின் அலற, வண்டி நின்று, பின்னுக்கு ஓர் அடி நழுவியது. அண்ணன் கல்லோடு குதித்தார். சீட்டைத் தூக்கி, மிச்சத்தையும் ஊற்றி, தடியை இழுத்து, எண்ணினேன். ஐந்து வரைக்கும் எண்ணினேன். பிடித்தது.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் போட்டு உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடிவிட்டது. நான் அந்தக் கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த ஒரு நர்ஸ் அம்மா, "பய வென்ன எபா" என்றார் சிங்களத்தில், பயப்படாதீங்க என்று. அவர் சொல்லிவிட்டுப் போய் வெகு நேரமாகியும் நான் கதவை விட்டு நகரவில்லை. அண்ணன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கை இரண்டும் கொப்பளித்திருந்தன. வாயில் வெற்றிலை இல்லை. "அண்ணே" என்றேன். "இருக்கட்டும் தம்பி, மொதல்ல அது கண்ணைத் தொறக்கட்டும்" என்றார்.

ஊசி போட்டார்கள், மூச்சுக்கு வாயு வைத்தார்கள். சாயந்தரம்தான் டாக்டர் வந்து, இன்னும் கால் மணி பிந்தியிருந்தால் சொல்ல முடியாது, இப்போது பரவாயில்லை என்றார்.

மூன்றாம் நாள் வீக்கம் பாதி வடிந்து, அவள் முகம் அவள் முகமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பிளாஸ்கில் பிளேன்டீ கொண்டு போயிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேன் ஒயில் கதையைச் சொன்னேன். அண்ணனிடம் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டதைச் சொன்னேன். பயம் போய் வாய் திரும்பி வந்துவிட்டது, சிரிக்கக்கூடச் சிரித்தேன்.

"ஒன்னுதான் புரியல புள்ள. ஹோஸ் வெடிச்சு ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்னு அண்ணன் சொல்றாரு. தினமும் ராத்திரி அங்கதானே நிக்குது. ஒழுகியிருந்தா வாசல்ல கெடந்திருக்கணும்ல? சண்டை போட்ட அன்னைக்குப் பாத்ததுதான், அப்புறம் ஒரு பொட்டுக்கூட இல்லையே. கெடந்திருந்தா பாத்திருப்பேன், பாத்திருந்தா அன்னைக்கே புடிச்சிருப்பேன்."

அவள் டீயைக் குடிக்கவில்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கெடந்துச்சுங்க" என்றாள். தொண்டை இன்னும் கரகரவென்று இருந்தது.

"என்னா?"

"தெனமும் கெடந்துச்சு. விடிய வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னுக்கு, நீங்க எந்திரிக்காத நேரமாப் பாத்து, நான்தான் கழுவி விட்டேன். வெறும் தண்ணிக்குப் போகல, சோப்புத்தூள் போட்டுத் தேச்சேன். எச்சில் இப்பிடி வழுக்குமான்னு எனக்கே ஒரு யோசனைதான்."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

என் குரல் உயர்ந்துவிட்டது. எனக்கே தெரியாமல்தான். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். என் மனைவியின் தோள் இரண்டும் மேலே ஏறின, கப்பிலிருந்து டீ சிந்திப் போர்வையில் விழுந்தது. அவள் அவசர அவசரமாக அதைக் கையால் துடைத்தாள், வீங்கின கையால்.

"சொன்னா நீங்க சத்தம் போடுவீங்க" என்றாள். "பயமா இருந்துச்சு."